கம்பியில் இடமில்லை என்று சொல்வதற்கு முன்

நீங்கள் கேட்டது இது: "காற்றாலைகளும் சூரியஒளி நிலையங்களும் மலிவாக மின்சாரம் தரத் தயாராக இருக்கும்போது, மின்கம்பிப் பாதையில் இடமில்லை என்று சொல்லி அவற்றின் உற்பத்தியைக் குறைக்கிறார்கள். அதே நேரத்தில் வேறோர் இடத்தில் விலை கூடிய அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய கோபுரங்களை நட்டுக் கம்பி இழுப்பதைத் தவிர இதற்கு வழியே இல்லையா?"

வழி இருக்கிறது, பல இருக்கின்றன. ஆனால் முதலில் "இடமில்லை" என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மின்தேவையையும் உற்பத்தியையும் சமன்செய்து இயக்கும் மின்பளு பகிர்வு மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன. கம்பி உண்மையாகவே தாங்கும் அளவுக்குச் சூடேறி நிரம்பிவிட்டிருக்கலாம். கம்பியில் இடம் இருந்தும், நிரம்பிவிட்டதாக ஒரு பழைய எண் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒரு பாதை நிரம்பி, பக்கத்துப் பாதை பாதி காலியாகக் கிடக்க, மின்சாரத்தை அங்கே திருப்பிவிட நம்மிடம் கருவி இல்லாமல் இருக்கலாம். அல்லது, வேறொரு பாதை திடீரென்று அறுந்தால் தாங்க வேண்டுமே என்பதற்காக நாமே காலியாக வைத்திருக்கலாம். இவற்றில் முதலாவதற்கு மட்டும்தான் புதிய கம்பி தேவை. அந்த முதலாவது நிலைமை, பலர் நினைப்பதைவிட மிக அரிதானது.

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் கண்முன் வந்துவிடும். மூன்று துணை மின்நிலையங்களை ஒரு முக்கோணமாக வரைந்துகொள்ளுங்கள். மேற்கில் மலிவான உற்பத்தி நிலையம், ஒரு மெகாவாட்-மணிக்கு 2 அலகு செலவு (அலகு என்பது இங்கே பணத்தின் அளவு, மின்சார யூனிட் அன்று). வடக்கில் விலை கூடிய நிலையம், செலவு 6 அலகு. கிழக்கில் 300 மெகாவாட் கேட்கும் ஒரு நகரம். மூன்றையும் மூன்று பாதைகள் இணைக்கின்றன. மூன்றின் மின்மறுப்பும், அதாவது மின்சாரம் பாய்வதற்கு அவை கொடுக்கும் தடையும், ஒன்றே. மேற்கு–கிழக்கு, வடக்கு–கிழக்கு ஆகிய பாதைகள் தலா 320 மெகாவாட் தாங்கும். மேற்கு–வடக்குப் பாதை மட்டும் மெலிந்தது, 80 மெகாவாட்தான் தாங்கும். இப்போது 300 மெகாவாட்டையும் மேற்கிலிருந்தே அனுப்பப் பார்க்கிறோம். நேர்ப்பாதை 320 தாங்குமே, போதாதா? போதாது. மின்சாரம் நாம் காட்டும் வழியில் மட்டும் போவதில்லை. கிடைக்கும் எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் பிரிந்து பாய்கிறது; மறுப்பு குறைந்த வழியில் அதிகமாகவும் கூடிய வழியில் குறைவாகவும் போகிறது. நேர்வழி ஒரு கை நீளம், வடக்கைச் சுற்றும் வழி இரண்டு கை நீளம். ஆகவே 200 மெகாவாட் நேராகப் போகும், 100 மெகாவாட் வடக்கைச் சுற்றி வரும். மெலிந்த பாதையின் வரம்பு 80. நூறு கூடாது. எனவே மேற்கை 270-க்குக் குறைத்து, வடக்கில் 30 மெகாவாட்டை விலைகொடுத்து ஓட்ட வேண்டியிருக்கிறது. வடக்கிலிருந்து வரும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த மெலிந்த பாதையில் எதிர்த்திசையில் பாய்வதால், பாய்வு 90-இலிருந்து 10 கழிந்து 80-இல் நிற்கிறது. ஒரு மணி நேரச் செலவு 720 அலகு. எல்லாம் மேற்கிலிருந்து வந்திருந்தால் 600. அந்த 120 அலகுதான் "இடமில்லை" என்ற சொல்லுக்கு நகரம் கொடுக்கும் விலை. உலகின் பெரிய மின்தொகுப்புகளில் இந்த விலை கோடிகளில் போகிறது. ஜெர்மனியில் வடக்கே கடற்கரையில் காற்றாலைகள், தெற்கே தொழிற்சாலைகள். நடுவில் இருக்கும் நெரிசலைச் சமாளிக்க ஆன செலவு 2022-ஆம் ஆண்டில் மட்டும் 400 கோடி யூரோவைத் தாண்டியது.

இந்த முக்கோணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லும் ஒவ்வொரு வழியையும் இதில் பொருத்திக் காட்டுகிறேன்.

முதலில் அந்த 80 என்ற எண்ணையே கேள்வி கேட்போம். அது எங்கிருந்து வந்தது? கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அது சூடாகிறது, சூடானால் நீள்கிறது, நீண்டால் இரு கோபுரங்களுக்கு நடுவே தொய்கிறது. தரைக்கும் கம்பிக்கும் இடையே இருக்க வேண்டிய பாதுகாப்பு இடைவெளி எந்தத் தொய்வில் குறைந்துவிடுமோ, அல்லது எந்த வெப்பத்தில் அலுமினிய இழைகள் வலுவிழக்குமோ, அதுதான் உண்மையான வரம்பு. அதாவது, வரம்பு வெப்பநிலைக்கு உரியது. மெகாவாட்டுக்கு உரியது அன்று. மெகாவாட் எண்ணாக அதை மாற்றும்போது வானிலையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான ஊகம் இப்படி இருக்கும்: வெளி வெப்பம் 40 டிகிரி, உச்சி வெயில், காற்று நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் மட்டும். மிக மோசமான நண்பகலுக்குப் போட்ட கணக்கு அது. அதையே ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் பொருத்திவிடுகிறோம்.

என் இரவுப் பணி ஒன்று நினைவுக்கு வருகிறது. திரையில் ஒரு பாதை சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது, 98 விழுக்காடு. காற்றாலைகளைக் குறைக்கச் சொல்லித் தொலைபேசியில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தேன். அறைக்கு வெளியே வந்து நின்றபோது காற்று சட்டையை இழுத்துக்கொண்டு வீசியது, குளிர் வேறு. எந்தக் காற்று அந்த ஆலைகளைச் சுழற்றியதோ, அதே காற்றுதான் சில கிலோமீட்டருக்கு அப்பால் அந்தக் கம்பியையும் தடவிக் குளிரவைத்துக்கொண்டிருந்தது. கம்பியைத் தொட்டுப் பார்க்க முடிந்திருந்தால் அது வெதுவெதுப்பாகக்கூட இருந்திருக்காது. ஆனால் எங்கள் திரைக்கு அது தெரியாது. அன்று வீணான மின்சாரத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

குறுக்கே வீசும் காற்று நொடிக்கு 0.6 மீட்டரிலிருந்து 2 மீட்டராக உயர்ந்தாலே கம்பி தாங்கும் மின்னோட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். நொடிக்கு 2 மீட்டர் என்பது மென்காற்று, இலை அசையும் அளவுதான். இதை அளந்து, மணிக்கு மணி வரம்பைத் திருத்திக்கொள்வதற்கு மாறும் வரம்பு முறை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கம்பியில் மாட்டும் உணரிகள் அதன் அதிர்விலிருந்து தொய்வைக் கணிக்கின்றன. தரையில் வைக்கும் லேசர் கருவிகளும் உண்டு. காற்றை அளக்காமல், வெளி வெப்பநிலையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வது இன்னும் எளிது, அதற்குக் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2021 டிசம்பரில் பிறப்பித்த 881-ஆம் எண் உத்தரவு இதைத்தான் கட்டாயமாக்கியது. நம் முக்கோணத்தில் மெலிந்த பாதையின் வரம்பு ஒரு காற்று மணியில் 80-இலிருந்து 100-க்கு உயர்ந்தால், வடக்கு நிலையத்தை நிறுத்திவிடலாம். செலவு 600 அலகு. ஒரு கோபுரம்கூடப் புதிதாக நடவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை. மாறும் வரம்பு என்பது எப்போதும் கூட்டுவதற்கான அனுமதி அன்று. காற்றே இல்லாத நாளில் அது வரம்பைக் குறைக்கவும் செய்யும், குறைக்க வேண்டும். நீண்ட பாதையின் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில், காற்று புகாத இரண்டு கோபுர இடைவெளிதான் முழுப் பாதையின் வரம்பையும் தீர்மானிக்கிறது. உணரியை வசதியான இடத்தில் மாட்டிவிட்டு, வசதியில்லாத இடத்தை மறந்தால் ஆபத்து. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்ததை இத்துறையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. 345 கிலோவோல்ட் பாதை ஒன்று மரத்தின் மேல் பட்டுச் சேவையிலிருந்து கழன்றது. அப்போது அதில் இருந்த பளு, அதன் வரம்பில் 44 விழுக்காடுதான்! வரம்பு சரியாக இருந்தும், பாதைக்குக் கீழே மரம் வளர்ந்துவிட்டிருந்தது. அடுத்த பாதை 88 விழுக்காட்டில், அதற்கடுத்தது 93 விழுக்காட்டில் மரங்களைத் தொட்டு விழுந்தன. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்திருந்ததால், அங்கே இருந்தவர்களுக்கு நடப்பது தெரியவே இல்லை. மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக ஏறத்தாழ 5 கோடிப் பேர் இருளில் இருந்தார்கள். கம்பியை அதிகமாகப் பயன்படுத்த விரும்பும் எவரும் கம்பியை அதிகமாகக் கவனிக்கவும் கடமைப்பட்டவர்கள்.

பழைய கோபுரங்களிலேயே கம்பியை மட்டும் மாற்றுவதும் ஒரு நல்ல வழி. எஃகு நடுவிழைக்குப் பதிலாகக் கார்பன் இழைக் கலவை நடுவில் வைத்த கம்பிகள் சூட்டில் மிகக் குறைவாகவே தொய்கின்றன. அதே கோபுரம், அதே நிலம், ஏறத்தாழ இரு மடங்கு மின்சாரம். இடம் கையகப்படுத்தும் பேச்சே இல்லை. பாதையின் வரம்பு வெப்பத்தால் வருவதாக இருந்தால் மட்டுமே இது உதவும் என்பதை நினைவில் வையுங்கள். பல நூறு கிலோமீட்டர் நீளும் பாதைகளில் நிலைத்தன்மையும் மின்னழுத்தமும்தான் முதலில் கைவிரிக்கும்.

அடுத்த வழி கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். ஒரு பாதையைத் திறந்துவிடுவது, அதாவது பிரேக்கர் என்னும் பெரிய சுவிட்சைத் திறந்து அதைச் சேவையிலிருந்து எடுத்துவிடுவது. நம் முக்கோணத்தில் மெலிந்த மேற்கு–வடக்குப் பாதையைத் திறந்துவிட்டால், 300 மெகாவாட்டும் நேர்ப்பாதையில் போகும். அதன் வரம்பு 320. வடக்கு நிலையம் தேவையில்லை. செலவு 600. ஒரு பாதையை நீக்கியதால் செலவு குறைந்திருக்கிறது! சாலைப் போக்குவரத்தில் ஒரு புதிய சாலை சேர்ப்பதால் எல்லோருடைய பயண நேரமும் கூடக்கூடும் என்று ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிச் பிரெஸ் 1968-இல் காட்டினார்; மின்தொகுப்பில் நடப்பதும் அதன் உறவினர்தான். ஃபிஷர், ஓ'நீல், ஃபெரிஸ் ஆகிய மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 118 முனைகள் (பாதைகள் சந்திக்கும் இணைப்பிடங்கள்) கொண்ட சோதனை மின்தொகுப்பு ஒன்றில் பாதைகளைத் திறந்து மூடுவதன் மூலமே உற்பத்திச் செலவை 25 விழுக்காடு குறைக்க முடிந்தது. சோதனை வலையில் வந்த எண் அது, உண்மையான தொகுப்பில் அத்தனை கிடைக்காது. இருந்தாலும் அந்த எண்ணைவிட அதன் பின்னாலிருக்கும் எண்ணம் பெரிது. அதுவரை வலையமைப்பை மாறாத ஒன்றாக வைத்துக்கொண்டு, உற்பத்தியை மட்டும் கூட்டிக் குறைத்துக் கணக்குப் போட்டார்கள். வலையமைப்பே நாம் தீர்மானிக்கக்கூடிய ஒன்று என்று இந்தக் கணக்கு சொன்னது.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொகுப்பை ஓட்டும் அனுபவம் வாய்ந்த இயக்குநர்கள் இதைக் கைப்பழக்கமாகவே செய்துவந்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் எந்தத் துணை மின்நிலையத்தில் பஸ்பாரை, அதாவது பாதைகளெல்லாம் வந்து சேரும் பொதுக் கடத்தியை, பிரித்தால் எந்தப் பாதையின் பளு இறங்கும் என்று பழையவர்களின் குறிப்பேட்டில் இருக்கும். கணினி செய்வது, ஆயிரக்கணக்கான பிரேக்கர்கள் உள்ள வலையில், மனிதர் நினைத்தும் பார்க்காத இணைப்புகளைத் தேடிக் கொடுப்பது. ஒவ்வொரு பிரேக்கருக்கும் திறப்பு, மூடல் என இரண்டு நிலை. நூறு பிரேக்கர்கள் என்றாலே சேர்க்கைகள் எண்ணி மாளாதவை. எனவே எல்லாவற்றையும் தேடாமல், ஓர் இயக்குநர் கண்ணால் சரிபார்க்கக்கூடிய நான்கைந்து பரிந்துரைகளைத் தருவதே நல்ல மென்பொருளின் இலக்கணம் என்பது என் கருத்து.

பாதையைத் திறக்க மனமில்லை, ஆனால் பாய்வைத் திருப்ப வேண்டும் என்றால் அதற்கும் கருவிகள் உண்டு. கட்டக்கோணத்தை, அதாவது மாறுமின் அலையின் ஏற்ற இறக்கம் ஓரிடத்தில் எவ்வளவு முந்தியோ பிந்தியோ வருகிறது என்பதை, நகர்த்தும் மின்மாற்றி பழைய, நம்பகமான கருவி. அது மின்சாரத்துக்கு ஒரு பாதையில் லேசான மேடும் இன்னொரு பாதையில் லேசான பள்ளமும் அமைத்துக் கொடுக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நம் முக்கோணத்தில் மெலிந்த பாதையில் அதை வைத்து, பாய்வை 100-இலிருந்து 80-க்கு அழுத்திவிட்டால், மீதி 20 நேர்ப்பாதைக்குப் போய் அது 220 ஆகும். எல்லாப் பாதைகளும் மூடியபடியே இருக்கின்றன, வடக்கு நிலையம் ஓய்வில் இருக்கிறது. ஜெர்மனியின் வடக்கிலிருந்து தெற்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அண்டை நாடுகளின் கம்பிகள் வழியே சுற்றிக்கொண்டு போனதால், போலந்தும் செக் குடியரசும் தங்கள் எல்லையில் இந்த மின்மாற்றிகளை நிறுவின. இதையே மின்னணு முறையில் செய்யும் கருவிக் குடும்பத்துக்கு 1980-களில் பொறியாளர் நரேன் ஹிங்கொரானி பெயர் சூட்டி வடிவம் கொடுத்தார். அவை நொடியின் சிறு பின்னத்தில் பாதையின் மறுப்பையோ முனையின் மின்னழுத்தத்தையோ மாற்றக்கூடியவை. முதலில் பெரும் செலவும் பெரும் கட்டடமும் கேட்டன. இப்போது பெட்டி பெட்டியாக வந்து, ஓரிடத்தில் நிறுவி, தேவை மாறினால் கழற்றி வேறிடம் கொண்டுபோகும் வகைகள் வந்துவிட்டன. எதிர்காலத்தில் நெரிசல் எங்கே வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத காலத்தில், இடம் மாற்றக்கூடிய கருவிக்குத் தனி மதிப்பு உண்டு.

உயரழுத்த நேர்மின்னோட்ட (டி.சி.) பாதைகளையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். 1954-இல் ஸ்வீடன் தன் கோட்லாண்டு தீவுக்குக் கடலுக்கடியில் 20 மெகாவாட் கேபிள் போட்டபோது நோக்கம் தொலைவைக் கடப்பது. இன்றோ அதன் பெருமை வேறு. அதில் எத்தனை மெகாவாட் போக வேண்டும் என்று நாம் சொல்கிறோமோ அத்தனைதான் போகும், கூடவும் குறையவும் செய்யாது. மாறுமின் (ஏ.சி.) வலையின் நடுவே ஒரு நேர்மின் பாதை இருந்தால், அது சுற்றியுள்ள பாதைகளின் பளுவையும் சீர்செய்யும் சுக்கான் போல் ஆகிவிடுகிறது.

இப்போது நான்காவது நிலைமைக்கு வருகிறேன். என் மதிப்பீட்டில் பணம் அதிகமாகப் புதைந்திருப்பது இங்கேதான். இதுவரை நான் ஒன்றை மறைத்தே கணக்குப் போட்டேன்: எந்த ஒரு பாதையோ நிலையமோ திடீரென்று விழுந்தாலும் மற்றவை தாங்க வேண்டும் என்பது உலகெங்கும் மின்தொகுப்பின் அடிப்படை விதி. அதை முக்கோணத்துக்குப் பொருத்துங்கள். எளிமைக்காக ஒரே ஒரு விபத்தை மட்டும் பார்ப்போம். மேற்கு–கிழக்கு நேர்ப்பாதை விழுந்தால், மேற்கின் மின்சாரம் முழுவதும் மெலிந்த பாதையில் போக வேண்டும். அது தாங்குவது 80. எனவே விபத்து நடக்காத சாதாரண நேரத்திலும் மேற்கை 80-க்கு மேல் ஓட்டக் கூடாது. மீதி 220 மெகாவாட் வடக்கிலிருந்து வர வேண்டும். செலவைப் பாருங்கள்: 160 கூட்டல் 1,320, ஆக 1,480 அலகு. 720 எங்கே, 1,480 எங்கே! ஆண்டுக்கு ஓரிரு முறைகூட நிகழாத ஒரு விபத்துக்காக, ஒவ்வொரு மணியும் இரு மடங்குக்கு மேல் கொடுக்கிறோம்.

பாதுகாப்பைக் கைவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விதியைக் காப்பாற்ற இரண்டு முறைகள் உண்டு என்கிறேன். முன்கூட்டியே பளுவைக் குறைத்துவைப்பது ஒன்று. விழுந்தவுடன் விரைந்து சரிசெய்ய ஆயத்தமாக இருப்பது இன்னொன்று. கிழக்கு நகரத்தின் அருகே 190 மெகாவாட் பேட்டரி ஒன்று வையுங்கள். சாதாரண நேரத்தில் மேற்கு 270, வடக்கு 30. நேர்ப்பாதை விழுந்த அதே நொடியில், பாதுகாப்பு அமைப்பு மேற்கை 80-க்கு இறக்குகிறது, பேட்டரி 190-ஐக் கொடுக்கத் தொடங்குகிறது. வடக்கு நிலையம் படிப்படியாக 220-க்கு ஏறும் வரை, கால் மணியோ அரை மணியோ, பேட்டரி தாங்கிப் பிடிக்கிறது. நகரத்தில் விளக்கு அணையவில்லை. இது கற்பனை அன்று. ஜெர்மனியின் குப்ஃபர்செல் என்ற ஊரில் 250 மெகாவாட் பேட்டரி இதே நோக்கத்துக்காகத் திட்டமிடப்பட்டது. பேட்டரி எத்தனை வேகமாகச் செயல்படும் என்பதைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் நிலையம் 2017 முதலே காட்டிவருகிறது. கம்பிக்கும் இயல்பாகவே ஓர் அவகாசம் உண்டு. பளு கூடிய உடனே அது சூடேறிவிடுவதில்லை, பத்துப் பதினைந்து நிமிடமாவது எடுத்துக்கொள்ளும். அந்த நிமிடங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே பெரிய சேமிப்பு.

இப்படி இயக்க வேண்டுமானால் கண்பார்வை கூர்மையாக இருக்க வேண்டும். பழைய தொலை அளவீட்டு முறைகள் சில நொடிக்கு ஒருமுறை எண்களைக் கொண்டுவரும், அவையும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. 1988-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் அருண் ஃபட்கேயின் குழு உருவாக்கிய கட்டக்கோண அளவி, செயற்கைக்கோள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள முனைகளை ஒரே கணத்தில் அளக்கிறது, அதுவும் நொடிக்குப் பல முறை. பாய்வைத் தீர்மானிப்பது இரு முனைகளின் கோண வேறுபாடு. அதை நேரடியாகவே பார்க்கக் கிடைத்தது இயக்குநருக்குப் புதிய கண் கிடைத்தது போன்றது.

பளுவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், மின்னழுத்தத்தைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் நண்பகலில் இருண்டன. அங்கே கம்பிகள் நிரம்பி வழியவில்லை. மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி, அதனால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. குறைந்த பளுவில் ஓடும் நீண்ட பாதை தானாகவே ரியாக்டிவ் திறனை (வேலை எதுவும் செய்யாமல் வலைக்குள் முன்னும் பின்னும் ஊசலாடி மின்னழுத்தத்தைப் பாதிக்கும் திறனை) உண்டாக்கி அழுத்தத்தை உயர்த்தும். அதை உறிஞ்சிக்கொள்ளும் கருவிகள் சரியான நேரத்தில் சரியான இடத்தில் செயல்பட வேண்டும். அங்கிருந்த சூரியஒளி, காற்றாலை நிலையங்களில் பெரும்பாலானவை, உற்பத்திக்கும் ரியாக்டிவ் திறனுக்கும் இடையே நிலையான விகிதத்தில் இயங்கும்படி விதிக்கப்பட்டிருந்தன. அழுத்தத்தைப் பார்த்து மாறிக்கொடுக்கும் வேலை அவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை. அந்த நிலையங்களை வலையுடன் இணைக்கும் இன்வெர்ட்டருக்கு அந்தத் திறமை இருக்கிறது, பெரும்பாலும் மென்பொருள் அமைப்பை மாற்றினாலே போதும். கையில் இருக்கும் கருவியிடம் வேலை வாங்காமல் விட்டதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மின்னழுத்தத்தை நன்றாகக் கவனித்துக்கொள்ளும் தொகுப்பில் இழப்பும் குறையும், நீண்ட பாதைகளில் அனுப்பக்கூடிய அளவும் கூடும்.

பணக் கணக்கில் இன்னொரு பெரிய மிச்சம், காலத்தையும் பரப்பையும் மாற்றுவதில் இருக்கிறது. எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்பதை நேற்றே முடிவுசெய்து, ஒரு மணிக்கு ஒருமுறை மாற்றினால், இடையில் வரும் காற்றின் ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் உற்பத்தித் திறனில் கையிருப்பு வைத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்குப் போட்டால் கையிருப்பு சுருங்கும். அதேபோல் பத்துப் பகுதிகள் தனித்தனியே சமன்செய்வதைவிட ஒன்றாகச் செய்தால், ஒரு பகுதியில் கூடுவதும் இன்னொன்றில் குறைவதும் தாமே கழிந்துவிடும். கலிஃபோர்னியாவின் தொகுப்பு இயக்குநர் 2014 நவம்பரில் தொடங்கிய சமன்சந்தையில் மேற்கு மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தது இதனால்தான். இந்தியாவில் 2019 ஏப்ரலில் மாநில எல்லைகளைக் கடந்து மலிவான நிலையத்தை முதலில் ஓட்டும் முறையும், 2020 ஜூனில் அரை மணிக்கொரு ஏலம் நடக்கும் உடனடிச் சந்தையும் வந்தன. இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடும் கணிதத்தைப் பிரெஞ்சுப் பொறியாளர் ஜாக் கார்பாந்தியே 1962-லேயே எழுதிவிட்டார். முழு மாறுமின் சமன்பாடுகளுடன் அதைப் பெரிய தொகுப்புக்கு விரைவாகத் தீர்ப்பது இன்றும் கடினம். நடைமுறையில் நான் முக்கோணத்துக்குப் போட்டது போன்ற நேர்கோட்டுத் தோராயத்தை வைத்துத்தான் பெரும்பாலும் ஓட்டுகிறார்கள்.

பயன்படுத்துவோர் பக்கமும் இளக்கம் உண்டு. நீரேற்றும் பம்பு, குளிர்பதனக் கிடங்கு, மின்வண்டி ஏற்றம், இவை ஒரு மணி நேரம் முன்பின்னாக ஓடினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நெரிசல் எந்த முனையில் எவ்வளவு என்பது விலையாக அந்தந்த இடத்தில் தெரியும்போதுதான் அவை அசையும். தொகுப்பு முழுவதற்கும் ஒரே விலை என்றால், தவறான இடத்தில் இருக்கும் பேட்டரி தவறான நேரத்தில் நிரம்பி நெரிசலைக் கூட்டவும் செய்யலாம்.

இத்தனை இருந்தும் ஏன் இவை எங்கும் பரவவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். தொழில்நுட்பம் தயங்குவதால் அன்று. பல நாடுகளில் மின்செலுத்தும் நிறுவனம் எவ்வளவு முதலீடு செய்கிறதோ, அதன் மேல் இத்தனை விழுக்காடு வருவாய் என்று ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கிறது. நூறு கோடியில் புதிய பாதை போட்டால் அந்த நூறு கோடியின் மேல் வருவாய். ஒரு கோடியில் உணரி மாட்டி அதே வேலையை முடித்தால் ஒரு கோடியின் மேல்தான் வருவாய். நெரிசலால் வரும் கூடுதல் செலவோ நிறுவனத்தைச் சேர்வதில்லை, அது நுகர்வோரின் கட்டணத்தில் ஏறிவிடுகிறது. இத்தகைய விதிமுறை தேவைக்கு மிஞ்சிய மூலதனத்தைத் தூண்டும் என்று ஆவெர்ச், ஜான்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1962-லேயே சொல்லிவைத்தார்கள். சேமித்ததில் ஒரு பங்கை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றினால், நான் மேலே சொன்ன கருவிகளில் பாதியை யாரும் வற்புறுத்தாமலே வாங்குவார்கள் என்று நம்புகிறேன். இன்னொரு தடை கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே இருக்கிறது. ஓர் இயக்குநர் துணிந்து பாதையைத் திறந்து பெரும் தொகையைச் சேமித்தால் பாராட்டு இல்லை. அதில் ஒருமுறை ஏதாவது தவறினால் விசாரணை. அவர் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சரிபார்க்கும் கருவியும், எழுதிவைத்த அதிகாரமும் கொடுக்க வேண்டும்.

புதிய பாதைகள் வேண்டவே வேண்டாம் என்பதல்ல என் வாதம். காற்று வளம் மிகுந்த கடற்கரையிலிருந்து பல்லாயிரம் மெகாவாட்டை நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோக, எந்த உணரியும் போதாது. ஆனால் அந்தப் பாதை வரும் வரை என்ன செய்வது? ஜெர்மனியின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சூட்லிங்க் நேர்மின் பாதை 2022-இல் முடியும் என்று திட்டமிடப்பட்டு, பின்னர் 2028-க்குத் தள்ளப்பட்டது. இடைப்பட்ட ஒவ்வோர் ஆண்டும் காற்றாலைகளை நிறுத்தவும் எதிர்முனையில் அனல் நிலையத்தை ஓட்டவும் பணம் போய்க்கொண்டிருந்தது. உணரி மாட்டச் சில மாதங்கள் போதும், இணைப்பை மாற்ற ஒரு மென்பொருளும் ஒரு பிரேக்கரும் போதும், கம்பி மாற்ற ஓரிரு ஆண்டுகள்.

ஆகவே உங்கள் பகுதியில் ஏதாவது ஒரு பாதையில் இடமில்லை என்று யாராவது சொன்னால், மூன்றைக் கேளுங்கள். கடந்த ஆண்டில் எத்தனை மணி நேரம் அது நிரம்பியது? அந்த மணிகளில் அங்கே வெப்பமும் காற்றும் எவ்வளவு இருந்தன? நிரம்பியது பாயும் மின்சாரத்தாலா, அல்லது வேறெந்தப் பாதை விழுந்தால் என்ற அச்சத்தாலா? எத்தனை மெகாவாட் என்பதைவிட எத்தனை மணி என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இருநூறு மணி என்றால் உணரியோ பேட்டரியோ போதும். நாலாயிரம் மணி என்றால் புதிய பாதைக்கான விண்ணப்பத்தை இன்றே எழுதத் தொடங்க வேண்டும், கூடவே உணரியையும் மாட்டிவிட வேண்டும்.